மழைக்காலத்திற்கு முன் வீடும் வண்டியும் படகும்

(கடலோரக் கிராமம் ஒன்றின் கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



புரட்டாசி மாதத்தில் குறுவை அறுவடையாகிக் கையில் நாலு காசு புரளும்போது, வரப்போகும் கார்த்திகையைப் பற்றி நினைப்பவர் சிலரே. தமிழ்நாட்டுக் கடலோர ஜில்லாக்கள் தங்கள் வருஷ மழையில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெறுகின்றன. சம்பாப் பயிரை வளர்க்கும் அம்மழையோடு புயலும் சில வருஷங்களில் உடன் வருகின்றது. 1952 நவம்பர் 30-ஆம் தேதியிலும், 1977 நவம்பர் 12-ஆம் தேதியிலும் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கிற்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்து, தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்கள் வரையில் தென்னந்தோப்புக்களைச் சாய்த்தது. புதுக் கன்று வைத்துக் காய் பறிக்கப் பல வருஷம் செல்லும். கடனோ அடுத்த மாதமே வட்டி கேட்கும்.

புயலைத் தடுக்க எவராலும் ஆகாது. ஆனால் புயலுக்குப் பின் குடியானவன் கடனாளியாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். கூரை பறந்த பிறகு கீற்றும் மூங்கிலும் விலை ஏறிவிடும். தச்சனும் கொத்தனும் எளிதில் கிடையார். அவசரத்தில் வாங்கும் கடனுக்கு வட்டியைப் பற்றிப் பேரம் பேசவும் இயலாது. ஆகையால் செலவைப் புரட்டாசியிலேயே செய்தல் சிக்கனம்.

முதலாவது வீடு. கீற்று வேய்ந்த கூரையில் பழுதானவற்றை மாற்றி, முகட்டின் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, இருபுறமும் ஆழமாக அடித்த முளைகளில் இறுகக் கட்ட வேண்டும். ஒருபுறம் மட்டும் கட்டுவது பயனற்றது. புயலின் மையம் ஓர் ஊரைக் கடக்குமாயின் முதலில் வடக்கேயிருந்து காற்று அடிக்கும். பின்பு திடீரென்று ஓயும். சற்று நேரத்திற்கெல்லாம் தெற்கேயிருந்து முன்போலவே சீறும். இதனை அறியாதவர்கள் காற்று ஓய்ந்தவுடன் வெளியே வந்து, மாட்டைத் தேடியும் ஓட்டைப் பொறுக்கியும் நிற்கையில் அபாயத்தில் அகப்படுகின்றனர். புயல் கடந்துவிட்டதென்று அதிகாரிகள் அறிவிக்கும் வரையில் எவரும் வெளியேறலாகாது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றுதலும், வீட்டின்மேல் சாயக்கூடிய கிளைகளைக் கழித்தலும், வாய்க்கால்களைத் தூர் எடுத்தலும் முன்னதாகவே ஆக வேண்டியவை. விதைநெல், பட்டா, சங்கப் பாஸ்புத்தகம் ஆகியவற்றை நனையாதபடி கட்டி உயரத்தில் வைக்க வேண்டும். வெள்ளம் ஏறுமென்று தோன்றினால் மாடுகளைக் கொட்டிலில் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவது வண்டி. மாட்டு வண்டிக்கு அச்சையும் சக்கரங்களையும் பார்த்து எண்ணெயிட்டு, மேட்டில் நிறுத்துதல் போதும். மோட்டார் வண்டியும் டிராக்டரும் உடையோர் பிரேக்கு, டயர், பாட்டரி இவற்றை மழைக்கு முன் பரிசோதிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை உடனே கிளப்பிப் பார்ப்பவர் பலர். உள்ளே புகுந்த நீர் இயந்திரத்தின் தண்டுகளை வளைத்துவிடும். சிறு செலவில் தீரவேண்டியது பெருஞ் செலவாக முடியும். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அதைத் தொடாதிருத்தலே நலம்.

மூன்றாவது படகு. பலகை வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசுதல் கடல் கொந்தளிக்குமுன் முடிய வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், வலைகளை உயரத்தில் வைத்து, படகை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். முகத்துவாரத்திலே நிற்கும் படகுகளை முன்னும் பின்னும் கட்டி, நீர் உயர்ந்தால் இழுபடாதபடி கயிற்றில் சிறிது தளர்ச்சி விடுதல் அவசியம். துறைமுகத்தில் 10-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டால், கடும்புயல் அத்துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ கடக்குமென்று பொருள். ஆனால் வானிலை நிலையத்தார் புயலைப் பற்றிப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்னமே அறிவிக்கின்றனராதலால், பத்தாம் கூண்டு வரையில் காத்திருப்பது அறியாமை.

இவ்வளவையும் தனியொருவன் செய்வது கடினம். படகை இழுக்கப் பத்துத் தோள்கள் வேண்டும். கூரைக்குக் கயிறு போட நால்வர் வேண்டும். ஆகையால் கூட்டுறவு இங்கேதான் மெய்யாகப் பயன்படும். சங்கம் மொத்தமாகக் கயிறு வாங்கினால் விலை குறையும். தெருவுக்கு நால்வரை நியமித்து, ஆண் துணையற்ற விதவையரின் வீட்டையும் முதியோரின் வீட்டையும் முதலில் கட்டித் தரலாம். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியைப் பலகையில் எழுதி வைத்து, அதற்குமுன் பணம் கட்டாதவர்களைக் காரியதரிசி தேடிச் சென்று நினைவூட்டலாம்.

தீபாவளிக்கு ஜவுளி எடுப்பதற்கு முன் கூரைக்குக் கயிறு எடுக்கும் குடும்பம், கார்த்திகையில் கடன் பத்திரத்தில் கைந்நாட்டு வைக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை கூரைகள் கட்டப்பட்டன, எத்தனை படகுகளுக்கு இடம் குறிக்கப்பட்டது என்ற கணக்கு, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக வாசிக்கப்படுமாக.