திரையில் பறந்த விமானங்கள்



திருப்பதி நகரில் மாலை வேளையில் மாடியில் நின்று கிழக்கே நோக்கினால், ரேணிகுண்டாப் பக்கம் ஒரு விமானம் விளக்குகளை ஏற்றிக்கொண்டு மெல்லத் தாழ்ந்து வருவதைக் காணலாம். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய வழக்கம் நினைவுக்கு வரும். சித்தூரில் நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது, சினிமாவில் விமானம் தோன்றினால் போதும், என் தமையனார் என் காதருகே குனிந்து, "இது நிஜ விமானமா, வேஷமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு இதில் ஏதோ ஒரு நெருக்கம் இருக்கும் என்பது என் நம்பிக்கை.

நடிகர்கள் வேடம் புனைவதுபோல விமானங்களும் வேடம் புனைவதுண்டு. 1927-இல் வெளிவந்த 'விங்ஸ்' என்னும் அமெரிக்க மௌனப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் தாமே விமானியாகப் பறந்த வில்லியம் வெல்மன் அதனை இயக்கினார். போர்க் காட்சிகளில் பறந்தவை மெய்யான விமானங்களே. ஆனால், அமெரிக்க இராணுவத்தின் விமானங்களே ஜெர்மானியச் சாயம் பூசிக்கொண்டு பகைவர் வேடத்திலும் வந்தன!

இதைக் காட்டிலும் வேடிக்கையானது 1969-ஆம் ஆண்டின் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படம். பிரிட்டனைத் தாக்கவரும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களாக அதில் பறந்தவை, ஸ்பெயின் நாட்டில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டவை. போருக்குப்பின் ஜெர்மானிய எஞ்சின் கிடைக்காமற் போகவே, ஸ்பானியர்கள் அவற்றுக்கு ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்தியிருந்தனர். பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இதயமும் அதே மெர்லின்தான். ஆகவே, திரையிலே ஒன்றையொன்று துரத்திய இரு பகைவர்களின் மார்பிலும் ஒரே இதயம் துடித்தது எனலாம்.

நம் நாட்டில் வேடமின்றி நடித்த விமானமும் உண்டு. 1982-இல் கோவிந்த் நிஹலானி இயக்கிய 'விஜேதா' என்னும் இந்திப் படத்தில் நமது விமானப் படையின் மிக்-21 விமானங்களே பறந்தன. 1963-இல் நம் படையில் சேர்ந்த அந்த வகை விமானம், 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றது. இனி அது சீறிப் பாய்வதைக் காண விழைவோர் திரையைத்தான் நாடவேண்டும். சினிமா சில வேளைகளில் சரித்திரத்தின் பெட்டகமாகவும் ஆகிவிடுகிறது அல்லவா?

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 2011-இல் ராதா மோகன் இயக்கத்தில் 'பயணம்' என்னும் படம் வந்தது. தெலுங்கில் அதன் பெயர் 'ககனம்'. சென்னையிலிருந்து தில்லி செல்லும் விமானத்தைத் தீவிரவாதிகள் கடத்துகிறார்கள்; எஞ்சின் பழுதுபட, விமானம் திருப்பதியில் இறங்குகிறது. கதைக்காகச் சொன்ன பொய்யாயினும், கணக்குக்குப் பொருந்திய பொய். சென்னை விமான நிலையத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் வான்வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். எஞ்சின் ஒன்று கெட்டாலும் மற்றொன்றைக்கொண்டு பறந்து, அருகிலுள்ள தக்க நிலையத்தில் இறங்குவதே விமானிகளின் முறை.

ஆனால், அந்தப் படத்தின் பெரும்பகுதி அரங்கம் அமைத்து எடுக்கப்பட்டது. அதில் வியப்பில்லை. பயணிகள் விமானத்தின் உட்புறம் ஒடுக்கமானது. காமிராவையும் விளக்குகளையும் வைத்துப் பல நாள் படம் பிடிக்க அங்கே இடமேது? மேலும், தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காத விமானம். அதை நீண்ட நாள் யார் தருவார்கள்? ஆயினும் அந்த அரங்கத்துக்குப் பின்னே ஒரு மெய்யான விமானத்தின் நிழல் விழுந்திருந்தது. 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து தில்லி வரும் வழியில் கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ-300 விமானம், அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைந்து காந்தஹாரில் நின்றது. டிசம்பர் 31 அன்றுதான் பயணிகள் மீண்டனர். அந்த ஒரு வாரத்தை அறிந்தவர்களுக்கு 'பயணம்' வெறும் பொழுதுபோக்காகத் தோன்றாது. விமானம் வேஷமாயிருக்கலாம், அதனுள் அமர்ந்திருப்போரின் அச்சம் வேஷமன்று.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த விமானப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். அது 2020-இல் சுதா கொங்கரா இயக்கத்தில் சூர்யா நடித்து வெளிவந்த 'சூரரைப் போற்று'. சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம். ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கிய கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. அவரோ கர்நாடகத்து ஹாசன் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் தரைப்படை அதிகாரி. படத்தின் நாயகனோ சோழவந்தானில் பிறந்து விமானப் படையில் பணிபுரிந்தவன். மனிதருக்கும் இங்கே வேடம்தான்.

அதில் ஒரு காட்சி. தந்தை மரணப் படுக்கையில் இருக்கிறார். மகன் விமான நிலையத்துக்கு ஓடிவருகிறான்; பயணச் சீட்டுக்குப் பணம் போதவில்லை. முன்பின் அறியாத பயணிகளிடம் கைநீட்டிக் கெஞ்சுகிறான். கிடைக்கவில்லை. ஊர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

நேயர்களே, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தில்லியில் எழுத்தராகப் பணிபுரிந்த காலத்தில், தந்தையாரின் நிலை கவலைக்கிடம் என்று சித்தூரிலிருந்து தந்தி வந்தது. சென்னைக்கு விமானம் அன்றும் இருந்தது. கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். இரண்டு இரவுகள் இரயிலில் கழித்து, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டு வாசலை அடைந்தபோது, திண்ணை கழுவிவிடப்பட்டு ஈரமாயிருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததுமே, கேட்கவேண்டியது எதுவும் இல்லாமற் போயிற்று.

ஆகவேதான், எனக்கு உகந்த விமானம் எது என்று யாராவது கேட்டால், மிக்-21 என்றோ ஸ்பிட்ஃபயர் என்றோ நான் சொல்வதில்லை. ஏர் டெக்கான் 2003-இல் தொழில் தொடங்கிய ஏ.டி.ஆர்.-42 என்பேன். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் கூடிச் செய்த சிறிய விமானம். 48 பேர் அமரலாம். இறக்கைக்கு ஒன்றாகச் சுழலும் இரண்டு விசிறிகள். ஜெட் விமானத்தின் வேகம் அதற்கில்லை. ஆனால் குறுந்தூரத்துக்கு எரிபொருள் குறைவாகவே செலவாகும், நீளம் குறைந்த ஓடுதளமே போதும். சிறு நகரங்களையும் சிறு சம்பளக்காரர்களையும் வானத்தோடு இணைக்க அத்தகைய எளிய விமானமே ஏற்றதாயிருந்தது.

அந்த நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008-இல் வேறொன்றோடு இணைந்து தன் உருவை இழந்தது. பண்டிகைக் காலத்தில் கட்டணம் எப்படி ஏறுகிறது என்பதையும் நீங்கள் நன்கறிவீர்கள். எனினும், விமானம் என்பது செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் ஒருமுறை உடைந்தபின் மீண்டும் ஒட்டவில்லை. ரேணிகுண்டாவில் 2015 அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்ட புதிய நிலையக் கட்டடத்தில், வேட்டி கட்டிய விவசாயிகளும், முடியிறக்கிய தலையோடு லட்டுப் பையை மடியில் வைத்திருக்கும் மூதாட்டிகளும் விமானத்துக்குக் காத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

என் தமையனார் இன்று இல்லை. அவருடைய கேள்வியோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் விமானம் தோன்றும்போது, அது நிஜமா வேஷமா என்று பாருங்கள்; அது ஒரு சுவை. அதன்பின், அதில் ஏற முடியாமல் தரையில் நிற்பவன் யார் என்றும் பாருங்கள். அவனைக் காட்டும் படமே என் கணக்கில் நல்ல விமானப் படம்.