நாயின் கல்லும் ஏதென்ஸின் பட்டியலும்

மைசூருவிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் மத்தூரில் இறங்கி வடை சாப்பிடாமல் இருக்க மாட்டார்கள். அந்த மத்தூர் வட்டத்தில்தான் ஆதகூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சல்லேசுவரர் கோயில் முன்னால் நின்ற ஒரு கல்லை, மைசூர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறையை நடத்திய லூயிஸ் ரைஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் படித்து அச்சேற்றினார். கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மல்லுக்கு நிற்கின்றன. சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 950ஐ ஒட்டிய காலம்.

கதை நம்மூரில் தொடங்குகிறது. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் நடந்த போரில், பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். எதிர்ப்பக்கம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். அவனோடு நின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் ஆள் மணலேரன் அந்தப் போரில் தீரமாகச் சண்டை போட்டான். "என்ன வேண்டும், கேள்" என்றான் பூதுகன். மணலேரன் பொன்னையோ பெண்ணையோ கேட்கவில்லை. அரசனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்.

கொடுத்தான். பிறகு ஒரு நாள் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். இரண்டும் கடித்துக் குதறி, இரண்டுமே செத்தன. மணலேரன் காளிக்குக் கல் நட்டு, ஏரிக்குக் கீழே நிலமும் விட்டான். கோயில் பொறுப்பில் இருப்பவர் அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாயின் பாவம் அவரைச் சேரும் என்றும் எழுதி வைத்தான். நினைவுச் சின்னம் எழுப்புகிறவர்கள் நாளைக்கு யார் விளக்கேற்றுவார்கள் என்று யோசிப்பது அபூர்வம். மணலேரன் பூசாரியின் சோற்றோடு முடிச்சுப் போட்டுவிட்டான். கெட்டிக்காரன்!

ஆனால் கல்வெட்டை முழுக்கப் படித்தால் நாய்க்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். மன்னர்களின் விருதுப் பெயர்களும், யார் யாருக்கு எந்த நாட்டைக் கொடுத்தார்கள் என்பதும்தான் நிறைய. செத்தவனுக்கு வைக்கும் கல்லில் உயிரோடு இருக்கிறவன் தன்னைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறான். இதைச் சொல்லும்போது எனக்கு ஏதென்ஸ் நகரம் ஞாபகத்துக்கு வருகிறது.

கி.மு. 431. ஸ்பார்ட்டாவோடு போர் மூண்ட முதல் வருஷத்துக் குளிர்காலம். போரில் இறந்தவர்களின் எலும்புகளை நகரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கூடாரத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உறவினர்கள் தாங்கள் விரும்பிய படையலை அங்கே வைக்கலாம். பிறகு பத்து சைப்ரஸ் மரப்பெட்டிகள், குடிமக்களின் பத்துப் பிரிவுகளுக்கும் பிரிவுக்கொன்றாக. பணக்காரன் வீட்டு எலும்பும் கூலிக்காரன் வீட்டு எலும்பும் ஒரே பெட்டியில். அவற்றோடு ஒரு வெறும் பாடையும் போகும், உடல் கிடைக்காதவர்களுக்காக. பெண்கள் கல்லறையருகே ஒப்பாரி வைப்பார்கள். அடக்கம் முடிந்ததும் ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் பேச வேண்டும். அந்த வருஷம் பேசியவர் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ். அதை நமக்கு எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ்.

இறந்தவர்களில் ஒருவர் பெயரைக்கூடப் பெரிக்ளிஸ் சொல்லவில்லை. எந்தச் சண்டை, எப்படி விழுந்தார்கள் என்ற பேச்சும் இல்லை. பேசியதெல்லாம் ஏதென்ஸைப் பற்றி. எங்கள் ஆட்சி பலர் கையில் இருக்கிறது. ஏழை என்பதற்காக யாரையும் ஒதுக்க மாட்டோம். வெளியூர்க்காரர்களைத் துரத்த மாட்டோம். ஸ்பார்ட்டாக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே உடம்பை வருத்திப் பழகுகிறார்கள், நாங்கள் இஷ்டப்படி வாழ்ந்தும் துணிச்சலில் குறைந்தவர்கள் இல்லை. இப்படிப்பட்ட ஊருக்காகத்தான் இவர்கள் செத்தார்கள் என்று முடிச்சுப் போட்டார். இழவு வீட்டில் ஊர்ப் பெருமை பேசியதாக நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அதுதான் மரியாதை. இறந்தவர்களின் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை அரசுச் செலவில் வளர்ப்பதாகவும் அதே பேச்சில் வாக்குறுதி கொடுத்தார்; அது வெறும் பேச்சாக இருக்கவில்லை, ஏதென்ஸின் வழக்கமே அது.

பெயர்கள் பேச்சில் இல்லை, கல்லில் இருந்தன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பலகைக்கல் இருக்கிறது. கி.மு. 460ஐ ஒட்டிய ஒரே வருஷத்தில், எரெக்தெயிஸ் என்ற ஒரே பிரிவில் இறந்தவர்கள் 170 பேருக்கு மேல். சைப்ரஸ், எகிப்து, பொனீசியா என்று செத்த இடங்களையும் தலைப்பில் வரிசையாகச் சொல்கிறது. தகப்பன் பெயர் இல்லை, சொந்த ஊர் இல்லை. தளபதியும் அதே வரிசையில்தான், படையோடு போன நிமித்திகரும் அதே வரிசையில்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதே, ஏதென்ஸின் பிள்ளை என்று அந்தக் கல் சொல்கிறது.

இந்தச் சமத்துவத்துக்கும் வேலி உண்டு. பாரசீகரோடு நடந்த மாரத்தான் போரில் விழுந்த ஏதென்ஸ்காரர்கள் 192 பேருக்கு அந்த இடத்திலேயே பெரிய மண்மேடு எழுப்பினார்கள். அங்கே கூடவே போரிட்டுச் செத்த அடிமைகளை வேறு மேட்டில் புதைத்ததாகப் பவுசானியஸ் என்ற பயணி எழுதுகிறார்.

பிணத்தின் மீதான கடமையை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கி.மு. 406இல் அர்கினூசே தீவுகளருகே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. புயல் அடித்ததால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களையும் உடல்களையும் மீட்க முடியவில்லை. ஜெயித்துத் திரும்பிய தளபதிகளில் ஆறு பேருக்கு மரண தண்டனை! பிறகு அவசரப்பட்டோமே என்று வருந்தினார்கள்.

நம் பக்கத்து நடுகல்லில் ஊர்ப் பட்டியல் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு கல். மாடு கவர வந்தவர்களைத் தடுத்து விழுந்தவன், புலியோடு மோதியவன். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், செத்துப்போன கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற அவன் நாயும் நிற்கிறது. காளிக்கு முந்நூறு வருஷம் மூத்தது. அடிமைகளைத் தனி மேட்டில் வைத்த கிரேக்கர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

நம் காலத்தில் மைசூரு வீரர்களுக்கும் நினைவுச் சின்னம் எழுந்தது. 1918 செப்டம்பர் 23ஆம் தேதி, இன்றைய இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபா நகரத்தைத் துருக்கியரிடமிருந்து பிடித்தவர்கள் ஜோத்பூர், மைசூர் குதிரைப்படையினர். எதிரிலோ பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும். கார்மல் மலைச்சரிவில் ஏறிப் பீரங்கிகளைப் பிடித்தது மைசூர் படை. தில்லியில் தீன்மூர்த்தி சந்திப்பில் நிற்கும் மூன்று சிலைகள் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் படைகளுக்கானவை. 2018இல் சந்திப்பின் பெயரில் ஹைஃபாவையும் சேர்த்தார்கள். மூன்றில் எது நம் மைசூர்க்காரர் என்று தில்லிவாசியிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. பெங்களூரு ஜே.சி. நகரிலும் மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூண் உண்டு.

ஆதகூர்க் கல்லும் இப்போது பெங்களூருவில்தான், கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூசாரி இல்லை, டிக்கெட் உண்டு. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.