பைரன் பிரபுவும் பிராந்தன் சான்னானும்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பழம்பெரும் பலாமரம் ஒன்றின் அடிமரத்தைப் பேணி வைத்திருக்கின்றனர். 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர். பகைவர் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில் இக்கதையை அறியாதார் அரியர். இம்மரத்தைக் கூறிவிட்டு ஆங்கிலக் கவிஞர் பைரனைப் பற்றி நாம் பேசப் புகுவது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு.

கூட்டத்தினின்றும் விலகியவன், உள்ளே ஆறாத புண், உதட்டில் ஏளனம், ஊருக்கு அடங்காதவன். இத்தகைய நாயகனை 1812-ல் 'சைல்ட் ஹரால்டின் யாத்திரை' வாயிலாக ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் பைரன். 1814-ல் அவருடைய 'கார்சேர்' வெளியான முதல் நாளிலேயே பத்தாயிரம் படிகள் விற்றன. ஆனால் அவர் பிரபுக்கள் சபையில் இடம் பெற்றவர். அவருடைய நாயகர் பலர் தாமே விரும்பி வெளியேறியவர்கள்; பிறரால் வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்லர். லிவர்ப்பூல் தெருவில் கிடந்து, பிறப்பு இன்னதென்று தெரியாமல் வளர்ந்த ஹீத்கிளிஃபை 1847-ல் எமிலி பிராண்டி படைத்த பின்னரே அவ்வேறுபாடு கூர்மை பெற்றது.

நம் எல்லை நாட்டிலும் அதே வேறுபாடு ஒரு நாவலுக்குள் மறைந்து கிடக்கிறது. சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' 1891-ல் வெளிவந்தது. ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' அதன்மீது நிழலிட்டது என்பர். அனந்தபத்மநாபன் என்னும் உயர்குடி இளைஞன் பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு, இறந்தவனாகக் கருதப்படுகிறான். பின்னர் பிராந்தன் சான்னானாக, அதாவது பைத்தியக்காரச் சான்னானாக, அலைகிறான். நாவலில் இளவரசரைப் பலாமரத்தினுள் ஒளியச் சொல்பவன் அவனே. சான்னான் என்பது நாடார் சமூகத்தாரை அந்நாளில் குறித்த சொல்.

இவ்வேடத்தை ஏன் தேர்ந்தெடுத்தான்? எட்டி நில் என்று விரட்டப்படுபவனின் முகத்தை யாரும் உற்று நோக்குவதில்லை. அந்த இழிவே அவனுக்குக் கவசமாயிற்று. இது நம்முடைய கருத்து, மறுப்பார் மறுக்கலாம். இறுதியில் வேடம் கலைகிறது. பாறுக்குட்டி அவனுக்கு மனைவியாகிறாள். மெய்யாகவே சான்னானாகப் பிறந்தவன் எதைக் கலைப்பது? நாடார் பெண்டிர் மார்பை மறைக்கலாம் என்ற அரச ஆணை, அதுவும் நிபந்தனையோடு, 1859-ல்தான் வந்தது. அப்போது சி. வி.க்கு வயது ஒன்று. நாவல் வந்து இரண்டாண்டு கழித்து, 1893-ல், அண்மையிலுள்ள வெங்ஙானூரின் அய்யன்காளி தடுக்கப்பட்ட பொதுப்பாதையில் வில்வண்டி ஓட்டினார். வேடம் எதுவும் இன்றி!

நெய்யாற்றின் கரையிலேயே அருவிப்புறம் இருக்கிறது. 1888-ல் நாராயண குரு அங்கே சிவலிங்கத்தை நிறுவினார். அவர்தம் சீடராக அங்கு வாழ்ந்த குமாரன் ஆசான் கல்கத்தா சென்று சமஸ்கிருதம் பயின்றார். ஆங்கிலக் கவிதையோடும் பழகித் திரும்பினார். 1911-ல் அவர் இயற்றிய 'நளினி'யின் திவாகரன் இமயத்துத் துறவி. 1914-ல் வந்த 'லீலா'வின் மதனன் ரேவா நதிக்கரைக் காட்டில் பித்தனாய்த் திரிபவன். இருவரும் பைரன் நாயகரின் உறவினர் போலத் தோன்றலாம். எனினும், பிறப்பினால் விலக்கப்பட்ட ஈழவர் ஒருவர் இவர்களை எழுதினார் என்பதை மறக்கலாகாது. 1922-ல் 'துரவஸ்தா'வில் அவர் மேலும் ஓர் அடி வைத்தார். கலகத்துக்கு அஞ்சி ஓடிவந்த நம்பூதிரிப் பெண் சாவித்திரி, புலையனான சாத்தனின் குடிசையில் அடைக்கலம் புகுகிறாள், அவனையே மணக்கிறாள். சாத்தனிடம் ஏளனமும் இல்லை, இரகசியப் பாவமும் இல்லை. அவன் குடிசைக்குள் பிறர் வருகின்றனர். அவன் எங்கும் வெளியேறவில்லை. விலகி நிற்கும் நாயகர் வரிசையில் அவனுக்கே நாம் முதலிடம் தருவோம்.

1956 நவம்பர் முதல் நாள் புதிய மாநில எல்லை பிறந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை தமிழகம் சேர்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1981-ல், நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி 'ஜே. ஜே: சில குறிப்புகள்' எழுதியபோது, தமிழ் நாவலின் நாயகனை எல்லைக்கு அப்பால் தேடிக்கொண்டார். ஜோசப் ஜேம்ஸ் மலையாள எழுத்தாளன்; தன் காலத்தோடு ஒட்டாதவன்; முப்பத்தொன்பதில் மடிபவன். அந்த ஆசிரியரே தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலையும் தமிழாக்கியவர். ஜே. ஜே.யைப் படித்த நேயர்கள் அதனையும் உடன்வைத்துப் படித்துப் பார்க்கலாம்.