புகார்ப் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா



முட்டத்தில் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த டீச்சரிடம் நான் படித்ததில்லை. அவரிடம் படித்த பெண்கள் நாகர்கோவிலில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வருவார்கள். பேனாவை வாங்கியதும் காகிதத்தின் மேலே முதலில் தேதியை எழுதுவார்கள். பிறகுதான் அழுகை, பிறகுதான் புகார். தேதி போடாத காகிதத்தை டீச்சர் கையாலேயே தொடமாட்டாராம். பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் நீட்டலாம் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. அந்தச் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த ஊர்ப் பெண்களுக்குத் தேதி போடக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர்.

வெளியூர்க்காரர்களுக்கு முட்டம் என்றால் கலங்கரை விளக்கம், பாறை, சிவந்த மணல்மேடு, பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'. இங்கே இருப்பவர்களுக்கு இது வேலை செய்யும் இடம். இன்று காலையில் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். சாளைக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "இங்க யாராவது வேண்டாத்தனமா நடந்தா யாருட்டக்கா சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"ஏலம் போடுறவருட்டதான்."

"அவரே ஆளா இருந்தா?"

அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு கை ஐஸை அள்ளிப் போட்டாள். பதில் சொல்லவில்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விதான்.

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் விடியற்காலையில் செங்கல்பட்டை ஒட்டி பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியிருப்பீர்கள். 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு காரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர் ஐ.பி.எஸ். அதிகாரி, எஸ்.பி. பதவியில் இருந்த பெண். பிப்ரவரி 21 அன்று, அப்போதைய முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு வேலையில் இருந்தபோது, சட்டம் ஒழுங்குப் பிரிவின் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் தன்னைக் காரில் ஏறச் சொல்லி, போகிற வழியில் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது அவருடைய புகார். அதை நேரில் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மறித்தது திருடனோ ரவுடியோ கிடையாது. செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி.யும் அவருடைய போலீசாரும். மறித்து, யார் மேல் புகார் கொடுக்கப் போகிறாரோ அவரோடேயே ஃபோனில் பேச வைக்கப் பார்த்தார்கள்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்தார். எஸ்.பி. பதவியில் இருப்பவருக்கே இந்தப் பாடு என்றால் கீழ்நிலையில் இருக்கும் பெண் போலீசின் கதி என்ன என்ற கவலை அவருடைய உத்தரவில் இருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 68 சாட்சிகள். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதே ஆண்டு மே மாதம், அவர் சரணடைய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது.

வழிமறித்த எஸ்.பி.க்கு என்ன தண்டனை தெரியுமா? 500 ரூபாய் அபராதம். நெய்மீன் ஒரு கிலோவே அந்தக் காசுக்குக் கிடைக்காது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நீதிபதியைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய சட்டத்தில் ஒருவரை வழிமறித்ததற்கு அபராதத்தின் உச்சமே 500 ரூபாய்தான். இப்போதைய புதிய சட்டத்தில் 5,000.

எனக்கு அந்தச் சிறப்பு டி.ஜி.பி.யைவிட, சாவடியில் நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசனை. அந்தப் பெண் மேல் அவர்களுக்கு என்ன பகை? ஒன்றுமில்லை. மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தது, போனார்கள். பெரிய மனிதன் ஒருவன் கைநீட்டுகிறான் என்றால், அந்தக் கைக்குப் பின்னால் காரை மறிக்க ஒருத்தன், கோப்பை அமுக்க ஒருத்தன், "உனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று புத்தி சொல்ல ஒருத்தன் என்று ஒரு வரிசையே நிற்கிறது. நிறுவனம் என்று நாம் சொல்வது அந்த வரிசையைத்தான்.

பழைய கதையும் உண்டு. 1988-இல் சண்டிகரில் ஒரு விருந்தில் பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில் தன்னிடம் தவறாக நடந்தார் என்று ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி புகார் கொடுத்தார். உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 1995-இல் உயிர் கொடுத்தது. மறுவருடம் குற்றவாளி என்று தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2005 ஆகிவிட்டது. பதினேழு வருடம்! அவர் ஐ.ஏ.எஸ். என்பதால் தாக்குப்பிடித்தார்.

அந்த உச்ச நீதிமன்றத்தின் வீட்டுக்குள்ளேயே ஒரு புகார் எழுந்தது. 2019 ஏப்ரலில், அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மேல் நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் புகார் சொன்னார். கோகோய் அதை அடியோடு மறுத்தார். விசாரித்தது அவருடைய சக நீதிபதிகள் மூன்று பேர். வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்றதும் அந்தப் பெண் விசாரணையிலிருந்து வெளியேறினார். மே 6 அன்று புகாரில் சாரமில்லை என்று முடித்தார்கள். அறிக்கையை வெளியிடவில்லை. 2020-இல் அதே பெண்ணை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். புகார் உண்மையா பொய்யா என்று இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஏலம் போடுகிறவரே ஆளாக இருந்தால் என்ற கேள்வி துறைமுகத்துக்கு மட்டும் உரியதில்லை என்று காட்டத்தான் சொன்னேன். நம்மில் பாதிப்பேர் மலையாளப் படம் பார்க்கிறவர்கள். அந்தச் சினிமாவுலகப் பெண்கள் படும் பாடுகளை விசாரித்த ஹேமா கமிட்டி அறிக்கை 2019 டிசம்பர் 31 அன்று கேரள அரசாங்கத்தின் கையில் கிடைத்தது, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியே வந்தது. நாலரை வருடம் அலமாரிக்குள்.

இனி கொஞ்சம் என் சொந்த அனுபவம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி வெளியாளாக ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம். மேனேஜர் நல்ல மனிதர், டீ வாங்கிக்கொடுத்தார், பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார்ப் பெட்டியைக் காட்டினார். பச்சை பெயிண்ட் அடித்த தகரப்பெட்டி, பித்தளைப் பூட்டு. அதற்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், சிசிடிவி கேமரா.

"இது எதுக்கு சார்?"

"பெட்டி களவு போயிடக் கூடாதுல்லா மேடம்."

கேமராவின் திரை இருந்தது அவர் மேசையில். சாவி தொங்கியது அவர் நாற்காலிக்குப் பின்னால். திறக்கச் சொன்னேன். ஒரு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய்க் காகிதம், "கக்கூஸ்ல தண்ணி வரல்ல" என்று பென்சிலில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் தேதி இல்லை. வருடாந்திர அறிக்கையில் "புகார்கள்: இல்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை பாருங்கள்.

இந்த அலங்காரம் எப்படி நடக்கிறது? உள்ளகக் குழு அமைக்காத முதலாளிக்குச் சட்டம் போடும் அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். ஒரு விசைப்படகு பல நாள் கடலில் தங்கும் தங்கல் தொழிலுக்குப் போய்வர ஆகும் டீசலுக்கே அது காணாது. மறுபடியும் தவறினால் இரட்டிப்பு, லைசென்ஸ் ரத்து என்றெல்லாம் 26-ஆம் பிரிவில் உண்டு. அப்படி ரத்தான ஒரு லைசென்ஸை இத்தனை வருடத்தில் நான் கண்ணால் கண்டதில்லை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் வருத்தப்பட்டது: 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16-இல் முறையான குழுவே இல்லை என்று. மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தரையில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

முதலாளிக்கு நட்டம் வந்தால்தான் காது கேட்கும். கசப்பான பேச்சுத்தான், ஆனால் நான் பார்த்தது அதைத்தான். திண்டுக்கல் பக்கம் போவோம். 2021 ஜனவரியில், நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலையுண்டாள். கைதானது அங்கே சூப்பர்வைசராக இருந்தவன். அவன் கொடுத்த தொல்லையைப் பற்றி அவள் வீட்டாரும் கூட வேலை செய்த பெண்களும் பேசினார்கள். அவள் உறுப்பினராக இருந்த சங்கம், பெண்களே நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். அவர்கள் தொழிற்சாலை வாசலோடு நிற்காமல், அங்கே தைத்த சட்டையை வாங்குகிறவன் யார் என்று தேடிப் போனார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் நாச்சியின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் ஆனது. பிறகு கேப் நிறுவனமும் பி.வி.எச். நிறுவனமும் கையெழுத்துப் போட்டன. மீறினால் ஆர்டர் போய்விடும் என்பதுதான் அதன் பிடி. தையல் வரிசைகளிலேயே சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். யாரும் சுவரில் பெட்டி மாட்டவில்லை. பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொன்னால் போதும் என்றானது.

துறைமுகத்து ஊரில் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும். அதே 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பேரலின் சரக்கைத் தன் துறைமுகங்களில் நிறுத்தி வைக்க உத்தரவு போட்டது. செப்டம்பரில் நீக்கியது. நீக்குவதற்கு இந்தத் திண்டுக்கல் ஒப்பந்தமும் கைகொடுத்தது. பரனூர் சாவடியில் ஒரு பெண்ணின் காரை நிறுத்தினார்கள் அல்லவா? இந்த முறை முதலாளியின் கன்டெய்னர் நின்றது.

வெளியிலிருந்து நெருக்கினால்தான் மேலிடம் அசையும் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. மார்பை மறைத்துச் சீலை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1822-இல் தொடங்கி விட்டுவிட்டு நடந்தது. சீலை கிழிபட்ட இடங்களில் சந்தையும் உண்டு. அந்தப் பெண்களுக்கு வேலையிடம் அதுதானே. சாதிப் பெரியவர்களும் சர்க்கார் ஆட்களும் ஒரே பக்கம் நின்றார்கள். திருவிதாங்கூர் மகாராஜா 1859 ஜூலை 26 அன்று அந்த உரிமையைக் கொடுத்துப் பிரகடனம் போட்டது மனம் இளகியா? சென்னை கவர்னர் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்ததால்தான். அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்கள்.

ஆர்டரும் இல்லை, கன்டெய்னரும் இல்லை, முதலாளி என்று கைகாட்ட ஆளும் இல்லை. மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போகிற பெண் என்ன செய்வாள்? 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அது பாலியல் புகார் இல்லை. ஆனால் அவள் அங்கேயே, நேரக் காப்பாளர் முன்னால் நின்று, தொண்டை கிழியச் சத்தம் போட்டாள். யாரோ ஃபோனில் படம் எடுத்தார்கள். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூன்று பேரும் சஸ்பெண்ட். பேருந்தில் இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

சத்தம் போட முடியாத சங்கதிக்குச் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறது. 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. 6-ஆவது பிரிவு. வீட்டுவேலை செய்கிறவரும் அங்கே போகலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்க உதவ வேண்டியது குழுவின் கடமை. வட்டாரம்தோறும் புகார் வாங்க ஓர் அலுவலர், வாங்கினால் 7 நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். விசாரணைக்கு 90 நாள். சட்டம் வந்து 11 வருடம் ஆன பிறகும், 2025 ஜனவரி 31-க்குள் எல்லா மாவட்டத்திலும் இந்தக் குழுவை அமையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது. இந்த மண்டபத்தில் நம் மாவட்டக் குழுவின் தலைவர் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, பரவாயில்லை.

விவரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். காலையில் அந்த அக்காவிடம் ஒன்றைக் கொடுத்து, ஏலக்கூடத்துத் தூணில் ஒட்டலாமா என்று கேட்டேன். வாங்கி விரித்துப் பார்த்தாள். என் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாதிருந்தவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வக்கீலம்மா, தூண்ல ஒட்டாதீங்க. அதைப் படிக்க நின்னாலே இவளுக்கு என்ன சங்கதின்னு பாப்பானுவ. பெம்பிளைய கக்கூஸ் கதவுக்கு உள்பக்கமா ஒட்டுங்க. அங்கன ஒருத்தனும் வரமாட்டான், நின்னு படிக்கவும் செய்யலாம்."

கூட்டம் முடிந்ததும் அவளோடு போய் ஒட்டப் போகிறேன். பசை டப்பா இருக்கிறது. வருகிறவர்கள் வரலாம், பெண்கள் மட்டும்.