வாடகை வீடும் நமது கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் இளைஞர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இளைஞர் பேசுவதென்றால் ஒழுக்கம், கல்வி, மொழிப்பற்று என்பவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இம்முறை நாம் வாடகையைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். 'வழிபாட்டுக்கும் வாடகைக்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். தொடர்பு உண்டு. இம்மண்டபத்தில், வீட்டை வாடகைக்கு விட்டு அவ்வருவாயிற் சீவிக்கும் பெரியோர் இருக்கின்றனர். மாதம் பிறந்ததும் வாடகைப் பணத்தை எண்ணி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் அரிசி வாங்குவோரும் இருக்கின்றனர். இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்கின்றோம். ஆயினும் இந்த ஒரு விடயத்தை மட்டும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இன்று பேசுவோம்.

'வாடகையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும்' என்பர் ஒரு சாரார். 'எமது வீட்டின் விலையைச் சொல்ல அரசாங்கம் யார்?' என்பர் மறு சாரார். இந்த விவாதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்திற் பிறந்த பிள்ளை. முதலாம் உலகப் போரின்போது, 1915 ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் போர்த்தளவாட வேலைக்காக மக்கள் வந்து குவிந்தனர். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் இருந்தனர். வீட்டிலிருந்த பெண்கள் மேரி பார்பர் போன்றோரின் தலைமையில் ஒன்றுகூடி, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றிற்று.

இலங்கைக்கும் இச்சட்டம் இரண்டாம் உலகப் போருடனேயே, 1942 ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. அச்சட்டம் பழைய வீடுகளுக்கு 1941 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இருந்த வரி மதிப்பீட்டையே வாடகையின் அடிப்படையாகக் கொண்டது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைச் சபைகளுக்கு வழிசெய்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கலாகாது என விதித்தது. குடியிருந்தவர் இறந்தால் அவருடைய குடும்பத்தினர் தொடர்ந்து இருக்க இடமளித்தது. அடுத்த ஆண்டிலேயே வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்தின் அளவுக்கு மேற்பட்ட வீடுகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. வாடகைக்கு இருந்தோர் பலர் அதே வீட்டின் சொந்தக்காரராயினர். 1980 ஆம் ஆண்டிலும் 2002 ஆம் ஆண்டிலும் வந்த திருத்தங்கள் கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தின.

இச்சட்டங்கள் நன்மை செய்தனவா, தீமை செய்தனவா? இரண்டும் செய்தன என்பதே நேர்மையான விடை. சிறிய உத்தியோகத்தரும் தொழிலாளரும் நகரத்திலே நிலையாக இருந்து தம் பிள்ளைகளைப் படிப்பிக்க அவை துணை நின்றன. அதே வேளையில், வாடகை வருவாய் ஓட்டை மாற்றவும் போதாதபோது, சொந்தக்காரர் வீட்டைத் திருத்தாமல் விட்டனர். வாடகைக்கென வீடு கட்டவும் பலர் அஞ்சினர். 'குடியேறினவரை எழுப்ப ஒரு தலைமுறை வேண்டும்' என்ற பேச்சு அக்காலத்தில் எழுந்ததே.

பிற நாடுகளின் அனுபவமும் இதுவே. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1994 ஆம் ஆண்டில் சிறு கட்டிடங்களும் வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதன் விளைவை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏற்கெனவே குடியிருந்தோர் தம் வீடுகளில் நிலைத்திருந்தனர், அது நன்மை. ஆனால் சட்டத்துக்குட்பட்ட சொந்தக்காரர் வாடகைக்கு விடும் வீடுகளை நூற்றுக்கு 15 வீதம் குறைத்துக்கொண்டனர். நகரம் முழுவதிலும் வாடகை நூற்றுக்கு 5 வீதம் அளவில் உயர்ந்தது. உள்ளே இருந்தவருக்கு நிழல் கிடைத்தது. வெளியே நின்றவர் அந்த நிழலுக்கும் விலை கொடுத்தார்.

அப்படியாயின் கட்டுப்பாடே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். எமது நாட்டின் அண்மைக்கால அனுபவத்தைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2022 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. மாதம் 60,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவர் 20,000 ரூபா வாடகை கொடுத்து வந்தார் எனக் கொள்வோம். வாடகை அசையாது நின்றால், சொந்தக்காரர் கையில் வரும் 20,000 ரூபாவின் பெறுமதி, முந்திய ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 11,800 ரூபாவே. அவர் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினால் வாடகை 34,000 ரூபாவாகும். சம்பளமோ அதே 60,000 தான். பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும்.

இக்கணக்கில் திருடன் யார்? ஒருவருமில்லை. இருவருக்கும் மேலே ஓர் இழப்பு வந்து விழுந்தது. வாடகையை உறைய வைத்தால் அந்த இழப்பு முழுவதும் சொந்தக்காரர் தலையில். கட்டுப்பாடே இல்லையெனில் முழுவதும் குடியிருப்பவர் தலையில். ஆதலின் நல்ல சட்டம் செய்ய வேண்டியது வாடகையை நிறுத்துவதன்று. இழப்பைப் பங்கிடுவதும், திடீரென வந்து விழாமல் காலம் கொடுப்பதுமாகும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்தலாகாது. உயர்த்துவதற்கு மூன்று மாதம் முன்னறிவித்தல் வேண்டும். உயர்வுக்கு விலைச் சுட்டெண்ணையொட்டி ஓர் எல்லை வேண்டும். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு முதல் வாடகையைச் சொந்தக்காரரே தீர்மானிக்கட்டும். இதுவே எமது நிலைப்பாடு.

ஆனால் பெரியோர்களே, பங்கிடுவதற்கு முதலில் வீடு வேண்டுமே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கியது. இன்று மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மாணவர் வருகின்றனர். விடுதியில் இடம் கிடைக்காதவர் திருநெல்வேலி, கொக்குவில் ஒழுங்கைகளிலே 'போடிங்' தேடி அலைகின்றனர். எம்முள் நால்வர் ஓர் அறையில் இருந்தோம். ஆறு மாத முற்பணம் கொடுத்தோம். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, 'நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்' என்ற விடையே கிடைத்தது.

அந்த அறைக்குப் போகும் வழியில் ஐந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். திறப்பு அயலவரிடம் இருக்கின்றது. முற்றத்தில் மாவிலை குவிந்து கிடக்கின்றது. கிணற்றில் பாசி படர்கின்றது. அவர்களைக் குறை கூற மாட்டோம். கொடுத்தால் திரும்பக் கிடைக்குமோ என்ற அச்சம் அவர்களுக்கு. குத்தகைக் காலம் முடிந்த வீட்டை விரைவாக மீட்பதற்கென 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருப்பினும் அச்சம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இன்னொன்றும் உண்டு. சொல்லத் தயங்குகின்றோம், எனினும் சொல்லாது விட்டால் இவ்வுரை பொய்யாகும். வீடு கேட்டுப் படலையில் நிற்பவனிடம் முதலில் கேட்கப்படுவது, 'எவ்வளவு தருவீர்?' என்பதன்று, 'தம்பி எந்த ஊர்? எந்தப் பக்கம்? தகப்பன் பெயர் என்ன?' என்பதே. கேள்வியின் உட்பொருள் கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். விடை உவப்பாக இல்லையெனில், 'அறை நேற்றே கொடுத்தாயிற்று' என்பர். எம்முட் சிலர் மிசன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவர்கள். அங்கே எந்தப் பக்கத்துப் பிள்ளையும் ஒரே வரிசையிற் பாய் விரித்தோம். சொந்தச் சமயத்தவரின் படலையில் இக்கேள்வியைக் கேட்கும்போது எமக்கு வெட்கமாக இருக்கின்றது. எந்த வாடகைச் சட்டமும் வாடகையின் அளவைக் குறைக்கலாம். மூடிய மனத்தின் படலையைத் திறக்க அதனால் ஆகாது. அது எம் வேலை.

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்பது எம்மவர் பழமொழி. தனி மனிதனுக்கு அது பெருஞ்சுமை. பலர் கூடினால் இயலாததன்று. ஒஸ்திரியாவின் வியன்னா நகரசபை 1923 ஆம் ஆண்டு முதல் 1934 ஆம் ஆண்டு வரையில் 60,000 க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி மக்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. வறிய காலத்திலேயே, வரி விதித்துத் திரட்டிய பணத்தில் அவர்கள் அதைச் செய்தனர். எமது நாட்டிலும் தேசிய வீடமைப்பு அதிகாரசபை 1979 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்துள்ளது. வாடகை தானாக இறங்க வேண்டுமாயின் வீடுகள் பெருக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பாராளுமன்றம் செய்ய வேண்டியதைப் பாராளுமன்றம் செய்யட்டும். சங்கம் செய்யக்கூடியவை என மூன்றைப் பெரியோர் முன் வைக்கின்றோம்.

முதலாவது, சங்கத்தில் ஒரு பதிவேடு வைப்போம். வாடகைக்கு விடக்கூடிய அறைகளும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அதில் இடம்பெறட்டும். எழுத்து மூலமான உடன்படிக்கைக்குச் சங்கம் சாட்சியாக நிற்கட்டும். வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதாகச் சொந்தக்காரரும், குறித்த நாளில் வீட்டை ஒப்படைப்பதாகக் குடியிருப்பவரும் கையொப்பமிடட்டும்.

இரண்டாவது, அப்பதிவேட்டில் ஊர் கேட்கும் நிரல் இருக்கலாம்; சாதியை அறிய உதவும் எந்த நிரலும் இருத்தலாகாது.

மூன்றாவது, கட்டிட நிதியைக் கொண்டு மேல்மாடியில் இன்னொரு விழா மண்டபம் அமைக்கும் எண்ணம் உண்டென அறிகின்றோம். விழா ஆண்டுக்குச் சில நாட்களே. அம்மேல்மாடியை எட்டு அறைகளாகக் கட்டி, தூரத்திலிருந்து வரும் மாணவருக்கு நியாயமான வாடகைக்குக் கொடுத்தால் என்ன? நிதிக்கு மாதந்தோறும் வருவாயும் வரும். முப்பது பிள்ளைகளுக்குக் கூரையும் கிடைக்கும்.

இளைஞராகிய எமக்கும் கடமை உண்டு. குறித்த நாளில் வாடகை கொடுப்போம், மின்சாரத்தை வீணாக்கோம், கிணற்றடியைத் துப்புரவாக வைப்போம், போகும் நாள் வந்தால் மறுபேச்சின்றித் திறப்பைக் கையிற் கொடுப்போம். வெளிநாட்டிலிருக்கும் ஒரு சொந்தக்காரரின் அச்சத்தை நீதிமன்றத்தைவிட அந்த ஒரு திறப்பு விரைவில் நீக்கும்.

பெரியோர்களே, மேல்மாடியைப் பற்றிய முடிவு வரும் பொதுக்கூட்டத்தில் எடுக்கப்படும் என அறிகின்றோம். அன்று கையுயர்த்துமுன், பூட்டிய ஐந்து வீடுகளையும் கடந்து இருட்டில் அறை தேடிச் செல்லும் ஒரு பிள்ளையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.