அணுமின் நிலையத்தில் ஒரு மெழுகுவத்தி

1975 மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் காற்று கசிகிறதா என்று ஊழியர்கள் சோதிக்கிறார்கள். எப்படி? ஓட்டையருகே மெழுகுவத்தியைப் பிடித்து! சுடர் ஆடினால் கசிவு. வீட்டு கேஸ் சிலிண்டருக்கே சோப்பு நுரைதான் தடவிப் பார்ப்பார்கள், அங்கே நெருப்பு.

உள்ளே போன காற்று சுடரையும் இழுத்துக்கொண்டது. அடைப்புக்கு வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை குப்பென்று பற்றியது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. தண்ணீர் அடிக்கலாம் என்றார் உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர். மின்கேபிளில் தண்ணீரா என்று நிலையத்தார் தயங்கினார்கள். கடைசியில் அணைத்தது தண்ணீர்தான்.

முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் செயலிழந்தன. வேறு பம்புகளை வைத்துத் தண்ணீர் செலுத்திச் சமாளித்தார்கள்.

அப்போது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வயது இரண்டே மாதம். அது கவனித்த விஷயம் இதுதான்: ஓர் அமைப்பு கெட்டால் கைகொடுக்க வேண்டிய மாற்று அமைப்பின் கேபிளும் பக்கத்திலேயே ஓடியது. 1980-இல் விதி வந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு வேண்டும்; அல்லது தானியங்கித் தீயணைப்போடு, எரியும் பொருள் எதுவுமில்லாத 20 அடி இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரத் தடுப்போடு தானியங்கித் தீயணைப்பு என்று மூன்றாவது வழியும் உண்டு.

ஏற்கெனவே கட்டி முடித்த நிலையத்தில் 20 அடிக்கு எங்கே போவது? நூற்றுக்கணக்கில் விலக்குக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. ஆணையம் அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது.