காலை ஏழரை மணிக்குள் ஒரு சமையல்

(மைசூரு அக்ரஹாரத்தில் நடந்த நம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் வழக்கமாக உபநிஷத்தைப் பற்றியோ க்ஷேத்திரங்களைப் பற்றியோ பேசுவார்கள். காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "வேலைக்குப் போகும் பெண்களுக்கு உபயோகமாக, சீக்கிரம் செய்யக்கூடிய, உடம்புக்கும் நல்லதான சமையலைப் பற்றிப் பேசுங்கள்" என்றபோது, ஆள் மாறிக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். நான் ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் கோப்பு பார்த்தவன். அடுப்பங்கரைக்குள் நுழைந்ததே ரிடையர் ஆன பிறகுதான். அதுவும் உடனே நுழைந்துவிடவில்லை. ஏன் நுழைந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ல் ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த என் நாட்டுப்பெண் தலை சுற்றி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. டாக்டர் அவளிடம், "காலையில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். "காபி" என்றாள். "அப்புறம்?" "ஆபீஸ் போய் இன்னொரு காபி."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஐந்து மணிக்கு எழுந்து செய்து வைத்த பொங்கலையோ தோசையையோ ஒன்பது மணிக்கு நிதானமாகச் சாப்பிடுகிறவன் நான். பேரக் குழந்தைகளுக்கு இரண்டு டிபன் டப்பா, பிள்ளைக்கு ஒன்று, எனக்கும் என் மனைவிக்கும் மத்தியானத்துக்கு சாம்பார், ரசம், கறி. இவ்வளவையும் முடித்துவிட்டு அவள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருக்கிறாள். எத்தனை வருஷமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரத்தசோகை ஏழை வீட்டு வியாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகக் கண்டார்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். நம் வீடுகள் அதற்கு விலக்கு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். இந்த 88-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். ஒன்றுமே செய்யாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. நான் பல வருஷம் வராதவர்களில் ஒருவன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஆபீஸ் வழக்கப்படி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து நேரம் குறித்தேன். அவள் சிரித்தாள், "ஆடிட்டா அப்பா?" என்று கேட்டாள். அதில் தெரிந்தது இதுதான்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறாள், ஆனால் அடுப்பில் உண்மையாக வேகிற, கொதிக்கிற, வதங்குகிற நேரம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, புளி ஊறவைத்துக் கரைப்பது, டப்பா மூடியைத் தேடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக "இன்றைக்கு என்ன செய்வது?" என்று யோசிப்பது. இவற்றில் ஒன்றுகூட காலையில்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. அவள்தான் செய்யவேண்டும் என்பதும் இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஆறு நாளைக்கு என்ன சமையல் என்று எழுதிவிடுகிறோம். பேரன் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பான், பேத்தி ஒரு நாளை. அதைப் பார்த்து நான் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். ஒவ்வொரு நாளும் சாயந்திரம் மறுநாள் காயை நறுக்குவது என் பொறுப்பு. பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கீரையை மட்டும் ஆய்ந்து, அலசி, ஈரம் வடியவிட்டு முழுசாக வைத்து, காலையில் நறுக்கவேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீரில் அலசினால் சி வைட்டமின் தண்ணீரோடு போய்விடும். தேங்காயை வாரத்துக்கு ஒரு தரம் துருவி ஃப்ரீஸரில் போட்டுவிடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் வரும்போது உரிக்கிற வேலையில் என் மனைவியும் சேர்ந்துகொள்வாள். பிதுக்கின பருப்பில் குழம்பு வைத்தால் அந்த வாரம் முழுக்க வீடே மணக்கும்.

இப்போது கொஞ்சம் விஞ்ஞானம். மைசூரு கடல் மட்டத்துக்கு சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையைவிடப் பருப்பு வேக நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது கொதிநிலை சுமார் 120 டிகிரி வரை உயர்கிறது. ஆனால் நம் வீடுகளில் குக்கரை விசில் எண்ணுகிற யந்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்தால் போதும். உள்ளே சூடு அப்படியேதான் இருக்கும், காஸ் மிச்சம். கீழ் அடுக்கில் அரை மணி ஊறிய துவரம்பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, அதற்கும் மேலே கூட்டுக்கான சௌசௌ அல்லது பூசணி. மூன்றும் ஒரே நேரத்தில் ஆகிவிடும். பீன்ஸை அதில் வைக்காதீர்கள், நிறம் போய்க் குழைந்துவிடும். அதற்கு வாணலியில் பத்து நிமிஷம் போதும்.

ஒரே பாத்திரச் சமையலுக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது: பிஸிபேளாபாத். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிறது. காய் ஐந்தாறு போட்டுவிட்டால் கறி தனியாக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் டப்பாவுக்கு இதுதான். மாவு தீர்ந்த நாளில் ரவா இட்லி. இரண்டாவது உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாட்டில் பெங்களூரு எம்.டி.ஆர். ஹோட்டலில் பிறந்த பலகாரம் அது. தயிரும் ரவையும் இருந்தால் போதும், இரவே அரைத்துப் புளிக்கவைக்க வேண்டாம். கேரட்டும் பட்டாணியும் சேர்த்துவிடுவோம்.

பாக்கெட் உணவைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த விஞ்ஞானம் வளர்ந்ததில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-ல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது, 1961-ல் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் வந்தது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்தது முதல் நிலையம்தான். ஆகவே பாக்கெட் என்றாலே விஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் உப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பாட்டிமார் செய்துவைத்த பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல் எல்லாம் அந்தக் கால ரெடிமேட் உணவுகள்தானே? புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து கிருமியை வளரவிடாது, அதனால் கெடாது. அவற்றிலும் உப்பு அதிகம், காய்கறி கிடையாது. பருப்புப்பொடி சாதமென்றால் பக்கத்தில் ஒரு கிண்ணம் காய் இருந்தே ஆகவேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை, 250 கிராம் தானியம் என்று இருக்கிறது. நம் தட்டில் சாதத்துக்கும் கறிக்கும் உள்ள விகிதம் இதற்கு நேர்மாறு. ராகியை விட்டுவிடாதீர்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அது பத்தைத் தொட்டாலே அதிகம். ராகி தோசை குழந்தைகளுக்குப் பிடிக்கும். முத்தை என் பேரனுக்குப் பிடிக்காது, நானும் வற்புறுத்துவதில்லை.

இனி சொல்லப்போவது என் வயதுக்காரர்களுக்கு. "ஃப்ரிட்ஜில் வைத்தது பழையது, ஆகாது" என்று நாம் சொல்கிறோம். என் தாயாரும் சொல்வார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அது முழுக்க முழுக்கச் சரியான விதி. வெளியே கிடக்கும் சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும், சுடவைத்தாலும் அதன் நச்சு போகாது. இன்றைக்கும் சாதத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிட வேண்டும். ஆனால் அரைத்த மாவு, நறுக்கிய காய், துருவிய தேங்காய் இவற்றுக்கும் அந்த விதியை நீட்டினால், அதன் பாரம் யார் தலையில் விழுகிறது? ச்ராத்தம், விரத நாட்களில் மடி ஆசாரம் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் மூன்று வேளையும் அப்போதைக்கப்போது சூடாக வேண்டுமென்று கேட்கிறவர், தாமே செய்துகொள்ளட்டும். நான் இதைச் சொன்னதற்குச் சில வீடுகளில் எனக்குக் காபி கிடைக்காமல் போகலாம்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. காபி, டீயில் உள்ள சில பொருட்கள் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்தாலோ நெல்லிக்காய் சேர்த்தாலோ இரும்பு கூடுதலாகச் சேரும். எங்கள் வீட்டில் இப்போது காபி ஐந்தரை மணிக்கு. டிகாக்ஷன் இறக்குவது நான். ஏழு மணிக்கு நாட்டுப்பெண் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் தட்டில் விழுந்த பிறகுதான் எனக்கு. இது ஒன்றுதான் எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம்.

டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரைக்குத்தான் முதல் புண்ணியம். சமையல் மட்டும் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1-க்கு வந்தது. காலையில் அடுப்பங்கரையில் அவள் நிற்கும் நேரம், என் நோட்டின்படி, இப்போது ஐம்பது நிமிஷம். நான் நறுக்கும் பீன்ஸ் ஒரு சைஸில் இருப்பதில்லை என்று பேத்திக்கு மட்டும் குறை இருக்கிறது. நேற்றுகூட டப்பாவைத் திறந்து காட்டி, "தாத்தா, இது பீன்ஸா, விறகா?" என்றாள்.